பூஜை போட்ட கம்ப்யூட்டரும் பத்துப் பேர் லைசென்ஸும்

லைசென்ஸ் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு நேராகச் சொல்லத் தெரியாது. இத்தனைக்கும் ஓசூரில் ஒரு பெரிய ஆலையில் நான் ஓய்வுபெற்று வரும்போது, மேஜைமேல் இருந்த பலகையில் என் பெயருக்குக் கீழே ‘யூசர் அக்சஸ்’ என்றுதான் எழுதியிருந்தது; கம்ப்யூட்டருக்குள் யாரை விடுவது என்று பார்க்கிற வேலை. போன மாதம், எங்கள் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டிராயிங் எல்லாம் இப்போது செல்போனிலேயே திறக்கிறதாம். யார் உள்ளே இருக்கிறார்கள், யார் வெளியே போனார்கள் என்பதை அதுவே பார்த்துக்கொள்கிறதாம். “ஒரு ஆயுத பூஜை அன்னிக்கு என்னமோ பெரிய குழப்பம் ஆச்சாமே, என்னங்க ஐயா அது?” என்று கேட்டார்கள். வாயால் சொல்லப் போய், பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. அதனால் முருகனை நினைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஓமலூர்ப் பக்கத்துக்காரன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆலையில் என்னைச் சேர்த்தது டிராயிங் அறையில், டிராயிங்கை நகல் எடுக்கும் அமோனியா பிரிண்ட் மிஷினுக்கு. மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் நிற்கும். ஆனால் வேலை புரிந்தது. ஆள் வருவார், கையெழுத்துப் போடுவார், பழைய தாளைக் கொடுத்துவிட்டுப் புதிய தாளை வாங்கிப் போவார். தாள் ஒருவர் கையில் இருந்தால் இன்னொருவர் கையில் இருக்காது. இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த மிஷினைத் தூக்கிவிட்டு, எல்லா டிராயிங்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதற்கு ‘டிராயிங் பேங்க்’ என்று பெயர். இன்டர்நெட் இருக்கும் இடத்திலிருந்து யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் போட்டுத் திறக்கலாம். ஆலைக்குள் இருப்பவர்கள் மட்டுமல்ல, நமக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன ஷெட்டுக்காரர்களும் அவரவர் இடத்திலேயே பார்க்கலாம். ஐடி கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. அதை விற்ற கம்பெனி ஆள் பெங்களூரிலிருந்து வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

“இது பத்துப் பேர் லைசென்ஸ்” என்றார்.

“நம்மகிட்ட அறுபது பேருக்கு மேல ஐடி இருக்குங்களே?” என்றேன்.

“ஐடி எத்தனை வேணாலும் குடுங்க. ஒரே நேரத்துல உள்ள பத்துப் பேர்தான் இருக்க முடியும். பஸ் சீட்டு மாதிரி.”

“அப்ப பதினொண்ணாவது ஆளு நின்னுக்கிட்டு வரலாமுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. எனக்கு அது புரியவில்லை. டிரைவிங் லைசென்ஸ் என்றால் என் பெயரில் இருக்கிறது, என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்த லைசென்ஸ் யார் பெயரிலும் இல்லை. உட்கார்ந்தால் என்னுடையது, எழுந்தால் இன்னொருத்தருடையது. சரி, ஆண்டவன் விட்ட வழி என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் மேலதிகாரி சீனிவாசன் சார். பெங்களூரில் வீடு, தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. பெருக்குகிற அம்மாவையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்வார். எதைக் கேட்டாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சட்டென்று பதில் வராது. திருப்பி ஒரு கேள்வி கேட்பார், பிறகு நாம் பேசும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பயந்தே பலபேர் அவர் அறைக்குப் போகமாட்டார்கள்.

ஐடி கொடுப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மூன்று பேர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் வந்ததும் முதல் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டுவேன். அந்த ஆளை நேரில் வரச் சொல்லவேண்டும். எழுந்து நின்று, இரண்டு கையாலும் கவரைக் கொடுக்கவேண்டும். அவர் என் எதிரிலேயே அதைத் திறந்து, உள்ளே போய், பாஸ்வேர்டை மாற்றவேண்டும். மாற்றும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். என் பின்பக்கச் சுவரில் முருகன் படம் இருந்தது. ஐடி கொடுத்த ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் முருகனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வந்த பிள்ளைகள் பலபேர், இதுவும் அந்த முறையில் சேர்த்தி என்றே நினைத்துக்கொண்டார்கள்.

என் ஐடியில் டிராயிங் எதுவும் திறக்காது, ஆனால் என் கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு பட்டன் உண்டு. உள்ளே இருப்பவர்களின் பெயர் வரிசையாகத் தெரியும். எந்தப் பெயரையாவது தொட்டு அழுத்தினால் அந்த ஆள் வெளியே வந்துவிடுவார். ஆரம்பத்தில் ஒரு நாள் இடம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை வெளியே அனுப்பச் சொல்லி வேறு பிரிவு மானேஜர் நெருக்க, அனுப்பினோம். அந்தப் பையன் காலையிலிருந்து வரைந்தது பாதி போய்விட்டது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழுதான். அதற்குப் பிறகு சார் சொன்னார்: “அந்த ஆளோட வாயால சரின்னு கேக்காம யாரையும் வெளிய அனுப்பாதீங்க.” தானாக மூடிக்கொள்கிற ஏற்பாடும் இருந்தது. டீ குடிக்கப் போய் வருவதற்குள் மூடிவிடுகிறது என்று டிசைன் பிரிவே சண்டை போட்டதால் அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் தெரிந்தால்தான் அந்த நாள் புரியும்.

எங்கள் ஆலையில் ஆயுத பூஜையை லீவுக்கு முந்தின நாள் மத்தியானமே போட்டுவிடுவோம். லேத்தைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, பீஸைப் பிடிக்கிற சக்கில் ஒரு நல்ல பீஸை மாட்டித்தான் வைப்பார்கள். வெறும் மிஷினுக்குப் பூஜை போடமாட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, டிசைன், குவாலிட்டி பிரிவுப் பிள்ளைகளும் அந்த வருஷம் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு நல்ல டிராயிங்கைத் திறந்து வைத்துப் பொட்டு வைத்தார்கள். இருட்டுத் திரைக்கு யார் பொட்டு வைப்பார்கள்? நானும் என் பெயர் வரிசையைத் திறந்து வைத்துத்தான் செவ்வந்திப் பூ வைத்தேன். பூஜை போட்டதை விஜயதசமியில் மறுபூஜை செய்துதான் தொடவேண்டும். அப்படியே விட்டுவிட்டு, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் வீட்டில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜூஜுவாடியில் ஷெட் வைத்திருந்த சேவியர். ஆறு பேர் வேலை செய்கிற சின்ன இடம். எங்களுக்கு புஷ் என்கிற துளை வளையம் கடைந்து கொடுப்பவர். அவர் வேதக்காரர், ஆனாலும் பிள்ளைகளுக்காக முந்தின நாளே பூவும் பொரியும் வாங்கிக்கொடுத்துப் பூஜை போடச் சொல்லி, அன்றே மறுபூஜையும் முடித்து, லீவு நாளில் வேலையை வைத்திருந்தார். அவசர ஆர்டர்.

“அண்ணே, நல்ல நாளும் அதுவுமா தொந்தரவு பண்றேன். நேத்து சாயங்காலம் பர்ச்சேஸ்ல இருந்து போன் பண்ணி, ‘டிராயிங் மாறியிருக்கு, பாத்துட்டுப் பண்ணுங்க’ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. பாக்கலாம்னா உள்ள விடமாட்டேங்குது. ஆளு ஃபுல்லுன்னு வருது.”

“இன்னிக்கு ஆலையில ஒருத்தரும் இல்லியே. தப்பா அடிக்கறீங்களோ?”

“பத்து வாட்டி அடிச்சிட்டேண்ணே. சாயங்காலம் லாரி வருது. பீஸ் ஏறலன்னா நாளை மறுநாள் உங்க லைன் நிக்கும். பழைய அளவுல போட்டு தப்பாப் போனாலும் போச்சு. ஏற்கனவே ஒரு வார்னிங் வாங்கியிருக்கேன். இன்னொண்ணு ரிஜெக்ட் ஆச்சுன்னா என் வெண்டர் கோடு நம்பரையே எடுத்துருவாங்க. ஷெட்ட மூடிட்டு நானும் கேட்டுல வாட்ச்மேனா நிக்க வேண்டியதுதான்.”

அவர் சிரித்தார். ஆனால் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரியிடம் பூஜையை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். “இன்னிக்கு அந்தப் பொட்டியத் தொடாதீங்க” என்று அவள் வாசல்வரை வந்து சொன்னாள். ஆலை கேட்டில் வாட்ச்மேன் முனியப்பா மட்டும்தான்.

“ஏன் சாமி, வீட்டுல பூஜ இல்லியா?”

“உள்ள யாராச்சும் இருக்காங்களா முனியப்பா?”

“நானு, நாயி. ரெண்டே பேரு.”

டிசைன் அறைக்குள் நுழைந்தேன். விளக்கெல்லாம் அணைந்து, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் மட்டும் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம். திரை எல்லாம் பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டபடி இருந்தது. ஆள் இல்லை, ஆனால் கணக்குப்படி ஆள் இருக்கிறது. நான் என் இடத்துக்குப் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு விரலால் மவுஸை அசைத்து, யார் யார் உள்ளே என்று பார்த்தேன். பத்துப் பெயர். முதல் பெயர் எங்கள் சீனிவாசன் சாருடையது. அதைத் தாண்டி அடுத்த பெயருக்கு வந்தேன். கடைசிப் பெயர் என்னுடையது. மற்றதெல்லாம் டிசைன், குவாலிட்டி பிள்ளைகள்.

சாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மணிச் சத்தம் கேட்டது, பூஜையில் இருந்தார் போலிருக்கிறது.

“அந்தப் பத்துப் பேரையும் கேட்டீங்களா?” என்றார்.

“இல்லீங்க சார்.”

காத்திருந்தார். நான் சரி என்று வைத்துவிட்டேன்.

முதலில் டிசைன் கதிர்வேல். ராயக்கோட்டையில் மாமனார் வீட்டில் இருந்தான். “அண்ணே, சாமி கும்பிட்டு வச்சத எடுத்தது மாமியாருக்குத் தெரிஞ்சா எனக்கு இன்னிக்கு வடை கிடையாது. பக்கத்து சீட்டு குமாரோடத மூடுங்க. அவன் எதுக்கும் கவலப்படமாட்டான்.”

குமார், “யாரு, கதிரு சொன்னானா? போன வருஷம் பூஜ போட்ட வண்டிய எடுத்துட்டுப் போய்த்தான் காலு ஒடஞ்சது. நீங்கதானண்ணே ஆஸ்பத்திரிக்கு விபூதி கொண்டாந்து குடுத்தீங்க? என்னுத விட்டுருங்க, வேற யாருதாச்சும் பாருங்க” என்றான்.

இப்படியே ஒவ்வொருவரும் அடுத்தவர் பெயரைச் சொன்னார்கள். இரண்டு பேர் போனையே எடுக்கவில்லை. ஒருவரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே அப்படித்தானே நினைக்கிறவன்? கடைசியாகக் குவாலிட்டி நாகராஜ். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், என்னை எப்போதும் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

“உங்களுத மூடுங்களேன் சாமி. தெனம் கோயிலுக்குப் போறவரு நீங்க. உங்கள அந்த சரஸ்வதியம்மா ஒண்ணும் பண்ணமாட்டா. எங்களப் பாத்தாத்தான் கணக்குக் கேப்பா.”

அதுவும் சரிதான் என்று பட்டது. மேஜையில் இருந்த கற்பூரத்தை ஏற்றி, தாயே மன்னிச்சுக்கோ என்று சொல்லி, பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னுடையதை மூடிவிட்டு வெளியே வந்தேன். உடனே சேவியருக்குப் போன்.

“இப்பப் போங்க. எடம் காலி.”

தட்டுகிற சத்தம் கேட்டது. “இல்லண்ணே. ஃபுல்லுன்னுதான் வருது.”

திரும்ப நானே உள்ளே போய் யார் என்று பார்க்கலாம் என்றால், எனக்கும் ஃபுல் என்று வந்தது. நான் எழுந்த நாற்காலியில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். ஆலையில் நானும் முனியப்பாவும் நாயும்தான். இப்போது பட்டனும் போயிற்று, நான் உள்ளே இருந்தால்தானே அதை அழுத்தலாம்?

இந்த டிராயிங் பேங்கை எல்லாம் பார்த்துக்கொள்கிற பெண் ரேவதி. கோவில்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. நான் சொன்னதைக் கேட்டு, “ஐயோ, அது சர்வீஸ் ஐயா” என்றாள்.

“அது எந்த டிபார்ட்மென்ட்டும்மா?”

“ஆளே இல்ல ஐயா. புது டிராயிங் வந்தா அதுல இருக்கற சாமான் விவரத்த எடுத்து பர்ச்சேஸ் கம்ப்யூட்டருக்குக் குடுக்கும். அதுவா உள்ள வரும், அதுவா எடுத்துக்கும். அதுக்கும் ஒரு ஐடி போட்டிருக்கோம்.”

“அந்த ஐடிக்கு நான் கவரே குடுக்கலியேம்மா?”

“அதுக்குக் கை இல்லியே ஐயா.”

“ஆள் இல்லாததுக்கு எதுக்கு சீட்டு?”

“அதுவும் ஒரு யூசர்தான்னு லைசென்ஸ்ல எழுதியிருக்கு. காலைலருந்து எடம் கெடைக்காம வாசல்ல நின்னுருக்கும். நீங்க எழுந்ததும் அது உக்காந்துடுச்சு.”

“இன்னிக்கு லீவுன்னு அதுக்குத் தெரியாதா?”

“அதுக்கு லீவே கெடையாது ஐயா. வேலை முடிஞ்சா வெளிய வரும். வேலை தேங்கிக் கெடக்கு, எப்ப வரும்னு சொல்ல முடியாது.”

சாமிக்குப் பயந்து மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை, பயந்துகொண்டே நான் எழுந்தேன், பயமே தெரியாத ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. இதில் யார் செய்தது சரி என்றே எனக்குப் பிடிபடவில்லை. சர்வரையே நிறுத்தலாமா என்றால் அது பெங்களூரில் பூட்டிய அறையில் இருந்தது. மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே ஆள் இருப்பதாகவே அது வெகுநேரம் நினைத்துக்கொண்டிருக்குமாம். சேவியர் மேஜைப் போனில் மறுபடி கூப்பிட்டார். ஒரு மணிக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் லாரிக்குப் பீஸ் தயாராகாது. “பழைய அளவுலயே போட்டுரட்டுமாண்ணே? நீங்க சொல்லுங்க, போட்டுர்றேன்” என்றார். நான் என்ன சொல்வேன்? கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

ரேவதி லைனில்தான் இருந்தாள். “உள்ள இருக்கற பேரெல்லாம் சொல்லுங்க ஐயா” என்றாள். மனப்பாடமாகச் சொன்னேன். சார் பெயரைச் சொன்னதும் நிறுத்தினாள்.

“சாரக் கேட்டீங்களா?”

“சார்கிட்டதாம்மா மொதல்ல பேசினேன். எல்லாரையும் கேக்கச் சொன்னாரு.”

“அதில்ல ஐயா. சாரோட எடத்தக் கேட்டீங்களா?”

“அவர எப்படிம்மா கேக்கறது?”

சின்னப் பெண்தான், ஆனால் அன்றைக்கு அவளும் சாரைப் போலவே காத்திருந்தாள்.

மேலதிகாரியிடம் கையெழுத்துக் கேட்கலாம், அனுமதி கேட்கலாம், லீவு கேட்கலாம். நீங்கள் எழுந்திருங்கள், இன்னொருத்தர் உட்காரவேண்டும் என்று எப்படிக் கேட்பது? மூன்று தடவை நம்பரைப் போட்டுப் பாதியில் வைத்தேன். ஜூஜுவாடியில் ஒரு மனுஷன் லேத் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான் என்ற நினைப்பு வந்ததும் நாலாவது தடவை முழுதாகப் போட்டேன்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பத்துல ஒண்ணு உங்களுது.”

“என்னுதா? நான் லீவுல இருக்கேனே பெரியசாமி.”

“ஆமாங்க சார். ஆனா உள்ள இருக்கீங்க.”

அவர் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “லேப்டாப் சரஸ்வதி படத்துக்கு முன்னாடி இருக்கு. நேத்து ஒரு டிராயிங் பாத்துட்டிருந்தேன், அம்மா வந்து அப்படியே எடுத்துட்டுப் போய் புஸ்தகத்தோட அடுக்கிட்டாங்க” என்றார்.

அவரிடமிருந்து இப்படி நீளமாக ஒரு பதில் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. அங்கே ஒரு வயதான அம்மாவின் குரல், கோபமாக. சார் தணிந்து ஏதோ சொன்னார். புத்தகங்கள் சரியும் சத்தம். ஒரு பித்தளைச் சாமான் உருண்டது. அதன் பிறகு சார் என்னிடம், “உங்க ஆளத் தயாரா இருக்கச் சொல்லுங்க” என்றார்.

மேஜையில் இருந்த ஆலைப் போனில் சேவியரைக் கூப்பிட்டேன். ஒரு காதில் அவர், ஒரு காதில் சார்.

“மூடிட்டேன்” என்றார் சார்.

“அடிங்க சேவியர்!”

“இருங்கண்ணே... இருங்க... சுத்துது... வந்துடுச்சு! வந்துடுச்சுண்ணே!” அவர் யாரையோ கூப்பிட்டு ஸ்கேலை எடுத்து வரச் சொன்னார். திரையில் வரிவரியாகத் தேடுகிறார் என்று மூச்சிலேயே தெரிந்தது. “உள் விட்டம் மாறியிருக்கு. பழைய அளவுல போட்டிருந்தா மொத்தமும் தூக்கிப் போட்டிருப்பாங்க.”

சார் இன்னும் லைனில்தான் இருந்தார். ஏதும் கேட்காமல் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் எல்லாம் சொன்னேன். “அப்ப சரஸ்வதி இன்னிக்கு யாரு பக்கம்?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். சாப்பாட்டைப் போட்டாள்.

லீவு முடிந்து ஆலை திறந்த அன்று காலை, சேவியர் பீஸ் எல்லாம் இன்ஸ்பெக்‌ஷனில் தேறிவிட்டது என்று நாகராஜ் வந்து சொன்னார். சாரிடம் சொல்லப் போனேன். அறைக்குள் போனதும் அவரே ஆரம்பித்தார்.

“எல்லாரையும் கேட்டீங்களே, என்னை ஏன் மொதல்லயே கேக்கல?”

சொல்லிவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தார். சுவரைப் பார்த்தேன். அந்த அறையில் சாமி படம் இல்லை.

“நீங்க ஏன் சொல்லலைன்னு நானும் கேக்கணும் சார்” என்று வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கே புரியவில்லை.

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. “எனக்கும் தோணல” என்றார். பிறகு மெதுவாக, “அம்மா ரெண்டு நாளா எங்கிட்ட பேசறதில்ல. பூஜையில வச்சத இழுத்துட்டேன்னு” என்றார்.

“சார், அந்தப் பீஸ் பாஸாயிடுச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“அப்படியா?” என்றவர், என் எதிரிலேயே போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். “அம்மா, வச்சிடாதீங்க. அன்னிக்கு நான் எழுந்திரிச்சு எடம் குடுத்தேனே, அந்தப் பீஸ் பாஸாயிடுச்சாம்.” கேட்டுக்கொண்டிருந்தார். கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “யாருக்குக் குடுத்தேன்னு கேக்கறாங்க. யாரு பெரியசாமி அது?”

அறுபது ஐடிக்கும் கையெழுத்துப் போட்டவர் அவர். அந்த ஒரு பெயருக்கு முகம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“சேவியர்னு ஜூஜுவாடியில ஒருத்தருங்க சார். சின்ன ஷெட்டு. ஆறு குடும்பம் அதுல சாப்பிடுது.”

அதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல், போனில் சொன்னார். அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. சார் போனை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“‘சரி, அந்தப் பிள்ள நல்லா இருக்கட்டும். நீ சாயங்காலம் நேரத்தோட வந்து சாப்பிடு’ன்னாங்க” என்றார்.